கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்: முடிவு முன்கூட்டியே தெரிந்தால் சார்ட் கெட்டுப்போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனின் பாட்டுப் பட்டியல் (சார்ட்) பற்றி ஒரே மாதிரியான கேள்விகள் வரும். “அதே பழைய பாட்டுதானே மறுபடியும்?” என்று சலிப்பவர்களும் உண்டு, “எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் உண்டு. இரு தரப்பாருக்குமாகக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்னு சொல்றாங்களே, அது ஏதாவது விருதா?

விருதெல்லாம் இல்லை. பிரிட்டனின் அதிகாரபூர்வ சிங்கிள்ஸ் பட்டியல் வாராவாரம் வெளியாகிறது. டிசம்பர் 25 அன்று நடப்பில் இருக்கும் பட்டியலில் எந்தப் பாட்டு முதலிடத்தில் நிற்கிறதோ அதுதான் கிறிஸ்துமஸ் நம்பர் ஒன். மற்ற வாரங்களின் முதலிடத்துக்கும் இதற்கும் கணக்கில் எந்த வேறுபாடும் கிடையாது. ஆனால் தீபாவளிக்கு எந்தப் படம் முந்தும் என்று இங்கே பேசிக்கொள்வதுபோல, அங்கே அந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் பாட்டே கேட்காதவர்களும் பேசுவார்கள். பந்தயக் கடைகளில் பணமும் கட்டுவார்கள்.

பட்டியல் தொடங்கியது 1952 நவம்பர் 14-இல். என்.எம்.இ. என்ற இசை வார இதழின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது அதிகம் விற்றது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அல் மார்ட்டினோவின் பாட்டு அதில் முதலிடம் பிடித்து 9 வாரம் அசையாமல் நின்றதால், முதல் கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்னும் அதுவே ஆயிற்று.

எந்த வாரத்துக் கணக்கை எடுத்துக்கிறாங்க? 25ஆம் தேதி வரைக்குமா?

பெரும்பாலும் இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 2015 ஜூலை முதல் கணக்கு வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழன் நள்ளிரவில் முடிகிறது. மறுநாள் வெள்ளியன்று பட்டியல் வரும். 2024-இல் கிறிஸ்துமஸ் புதன்கிழமை. எனவே டிசம்பர் 20 வெள்ளியன்று வந்த பட்டியல்தான் செல்லுபடி. அதில் எண்ணப்பட்டவை டிசம்பர் 13 முதல் 19 வரையிலான விற்பனையும் கேட்பும். கிறிஸ்துமஸ் அன்று வீடு வீடாக ஒலித்த பாட்டு எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

2015, 2020 ஆண்டுகளில் பண்டிகையே வெள்ளிக்கிழமை வந்ததால் முடிவும் அன்றே வெளியானது. அப்போதும் கணக்கு முந்தைய நாள் இரவோடு முடிந்துவிட்டது.

அது கிறிஸ்துமஸ் பாட்டாத்தான் இருக்கணுமா?

அவசியமில்லை. பெரும்பாலானவை அப்படி இருந்ததும் இல்லை. 1979-இல் பிங்க் ஃபிளாய்டு, 1993-இல் மிஸ்டர் பிளாபி என்ற இளஞ்சிவப்பு ரப்பர் பொம்மை வேடக்காரர், 2000-இல் ‘பாப் தி பில்டர்’ என்ற குழந்தைகள் தொடரின் பாட்டு, 2016-இல் கிளீன் பேண்டிட் என்ற இசைக்குழு. இவற்றில் எதிலும் பனியும் இல்லை, மணியோசையும் இல்லை. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ 1975-இலும், பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மறைந்தபின் 1991-இலும் இரண்டு முறை வென்றது. அதற்கும் பண்டிகைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இந்தப் போட்டி எப்போ இவ்வளவு பெரிய விஷயமாச்சு?

1973-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்லேட், விஸார்ட் என்ற இரண்டு ராக் குழுக்கள் ஒரே டிசம்பரில் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் பாட்டோடு இறங்கின. ஸ்லேட் முதலிடம், விஸார்ட் 4ஆம் இடம். இரண்டும் இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் கடைகளில் ஒலிக்கின்றன. அதற்கு முன் கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடம் தற்செயல். அதற்குப் பின் கம்பெனிகள் திட்டம் போட்டுக் குறிவைக்கும் இடம்.

முடிவு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றது உண்மையா, சும்மா புலம்பலா?

2005 முதல் 2008 வரை அது அப்பட்டமான உண்மை. எக்ஸ் ஃபேக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று டிசம்பர் நடுவில் நடக்கும். வென்றவரின் முதல் பாட்டு உடனே விற்பனைக்கு வரும். ஷேன் வார்டு, லியோனா லூயிஸ், லியோன் ஜாக்ஸன், அலெக்ஸாண்ட்ரா பர்க் என்று நான்கு ஆண்டும் நான்கு வெற்றியாளர்கள் வரிசையாக முதலிடம் பிடித்தார்கள். பாட்டு எது என்பது பொருட்டே இல்லை. இறுதிச்சுற்றில் யார் வென்றாலும் பாடுவதற்கென்று பாட்டு முன்கூட்டியே தயாராக இருக்கும்.

2008-இல் இதன் விளைவு வேடிக்கையாகத் தெரிந்தது. பர்க் பாடிய ‘ஹல்லேலூயா’ முதலிடம். அது பிடிக்காதவர்கள் ஜெஃப் பக்லி பாடிய பழைய பதிவைத் தேடி வாங்க, அது 2ஆம் இடம். பாட்டை எழுதிய லெனார்டு கோஹனின் மூலப் பதிவு 36ஆம் இடம். ஒரே பாட்டு ஒரே வாரத்தில் மூன்று இடங்களில். வெவ்வேறு பதிவுகள் தனித்தனியாகவே எண்ணப்படும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அப்போ அதை யார் உடைச்சாங்க?

2009-இல் ஜான், ட்ரேசி மோர்ட்டர் தம்பதி ஃபேஸ்புக்கில் தொடங்கிய பிரசாரம். ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் என்ற அமெரிக்கக் குழுவின் 1992-ஆம் ஆண்டுப் பாட்டு, வசைச்சொல் நிறைந்த ‘கில்லிங் இன் தி நேம்’, அதை எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்குங்கள் என்றார்கள். சுமார் 5,02,000 பிரதி விற்றது. எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளர் ஜோ மெக்எல்டெரிக்கு சுமார் 4,50,000. டவுன்லோடு மட்டுமே கொண்டு கிறிஸ்துமஸ் நம்பர் ஒன் ஆன முதல் பாட்டும் அதுதான்.

அதற்குப் பிறகும் அந்த நிகழ்ச்சி 2010, 2013, 2014-இல் வென்றது. ஆனால் “கட்டாயம் இவர்தான்” என்ற நிலை போய்விட்டது. 2011-இல் ராணுவ வீரர்களின் மனைவியர் சேர்ந்த பாடகர் குழு, 2012-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்காகப் பாடிய கூட்டணி, 2015-இல் லண்டன் அரசு மருத்துவமனை ஊழியர்களின் பாடகர் குழு என்று மாறி மாறி வென்றார்கள். 2015-இல் தன் பாட்டும் போட்டியில் இருந்தபோதே, மருத்துவமனைக் குழுவின் பாட்டை வாங்கும்படி ஜஸ்டின் பீபர் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளருக்குக் கிடைத்தது 9ஆம் இடம்.

நாங்களும் இப்படி ஒரு பிரசாரம் பண்ணலாமா? என்ன பார்த்துக்கணும்?

முதலில் தேதி. மேலே சொன்ன வெள்ளி முதல் வியாழன் வரையிலான அந்த ஒரே வாரத்துக்குள் விற்பனை குவிய வேண்டும். ஆர்வத்தில் ஒரு வாரம் முன்பே வாங்கிவிட்டால் அந்த விற்பனை வேறொரு பட்டியலுக்குப் போய்விடும். இரண்டாவது, கேட்கச் சொல்லாதீர்கள், வாங்கச் சொல்லுங்கள். பட்டியல் கணக்கின் அலகு யூனிட்; ஒரு டவுன்லோடு ஒரு யூனிட். அதே ஒரு யூனிட்டுக்கு, பணம் கட்டி இணையத்தில் பாட்டுக் கேட்கும் சந்தாதாரர் 100 முறை கேட்க வேண்டும். மூன்றாவது, எந்தப் பதிவு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 2008-இல் நடந்ததுபோல வாக்கு சிதறும். நான்காவது, ஒருவரே நூறு பிரதி வாங்கிப் பயனில்லை. சந்தேகமான மொத்தக் கொள்முதலைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

பிரசாரங்கள் தோற்பது பெரும்பாலும் ஒற்றுமை இல்லாததால். 2010-இல் ஒரே நேரத்தில் பல பிரசாரங்கள் கிளம்பின. டிராஷ்மென் குழுவின் 1960-களின் பாட்டு ஒன்று 3ஆம் இடம் வந்தது. இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பை ஒரு கூட்டணி பதிவு செய்து வெளியிட, அது 21ஆம் இடம். மௌனம் 21ஆம் இடம் வரை ஏறிய நாடு அது! ஆனால் முதலிடம் எக்ஸ் ஃபேக்டரின் மேட் கார்டிலுக்கே போனது.

சாஸேஜ் ரோல் பாட்டு அஞ்சு வருஷம் ஜெயிச்சுதே, அது சார்ட்டைக் கேலி பண்றது இல்லையா?

லேட்பேபி என்ற பெயரில் யூடியூப் நடத்தும் மார்க் ஹாய்லும் அவர் மனைவி ராக்ஸானும் 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். பீட்டில்ஸுக்கே நான்குதான். பிரபலமான பாட்டுகளின் மெட்டில், பெரும்பாலும் சாஸேஜ் ரோல் என்ற இறைச்சிப் பண்டத்தைப் பற்றிய வரிகள்; வருமானம் பெரும்பாலும் டிரஸல் டிரஸ்ட் என்ற உணவு வங்கி அமைப்புக்கு. இசையாக அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. நன்கொடைச் சீட்டு மாதிரி வாங்கினார்கள், அவ்வளவே.

நன்கொடைப் பாட்டுக்கென்று தனிச் சலுகை கிடையாது, ஒரு பிரதி ஒரு பிரதிதான். அதனால் விதிப்படி அது வென்றது நியாயமான வெற்றி. ஆனால் அடுத்த வாரம் பாருங்கள்: 2020-இல் முதலிடம் பிடித்த பாட்டு மறுவாரம் 78ஆம் இடத்துக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திரும்பக் கேட்கவில்லை என்பதைப் பட்டியலே ஒப்புக்கொண்டுவிட்டது.

சரி, 1984 பாட்டு 2023-ல எப்படி முதலிடம்? யாரும் புதுசா வாங்கியிருக்க மாட்டாங்களே?

வாங்கவில்லை, கேட்டார்கள். சார்ட் எதை எண்ணுகிறது என்பதே மாறிவிட்டது. 1984 டிசம்பரில் வாம் இரட்டையரின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ தட்டை ஒருவர் கடையில் வாங்கினால் அது ஒரு தடவை எண்ணப்படும். அதற்குப் பின் அவர் வீட்டில் நாற்பது டிசம்பர் அதே தட்டைத் தேயத் தேயப் போட்டாலும் பட்டியலுக்குத் தெரியாது. இன்று சமையலறை மேடையில் சாய்த்து வைத்த போனில் அது ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணப்படுகிறது.

இது இரண்டு படியாக நடந்தது. 2007 ஜனவரியில், கடையில் தட்டாக விற்பனையில் இல்லாத பாட்டும் டவுன்லோடு மூலம் பட்டியலில் ஏறலாம் என்றானது. அந்த டிசம்பரிலேயே மரையா கேரியின் 1994-ஆம் ஆண்டுப் பாட்டு 4ஆம் இடத்துக்குத் திரும்பி வந்தது. 2014 ஜூலையில் ஸ்ட்ரீம்களையும், அதாவது இணையத்தில் கேட்பதையும், சேர்த்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் பழைய பாட்டுகளின் அணிவகுப்புதான். ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ 1984-இல் பேண்ட் எய்டின் பஞ்ச நிவாரணப் பாட்டுக்குப் பின்னால் 2ஆம் இடத்தில் நின்றது; 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு கிறிஸ்துமஸ் முதலிடம் பெற்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பாட்டு வென்றது அதுவே முதல் முறை.

பழைய பாட்டும் புதுப் பாட்டும் ஒரே தராசிலயா? அது அநியாயம் இல்லையா?

ஒரே தராசு இல்லை. 2018 ஜூலை முதல் புதுப் பாட்டுக்குச் சந்தா ஸ்ட்ரீம் 100-க்கு ஒரு யூனிட். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 600-க்கு ஒன்று. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு ஏ.சி.ஆர். என்ற கடுமையான விகிதம்: 200-க்கு ஒன்று, 1,200-க்கு ஒன்று. டவுன்லோடுக்கும் தட்டுக்கும் இந்த வித்தியாசம் கிடையாது.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். பழைய பாட்டு ஒரு வாரத்தில் சந்தா ஸ்ட்ரீம் 70 லட்சம், இலவசம் 60 லட்சம்: 35,000 கூட்டல் 5,000, மொத்தம் 40,000 யூனிட். புதுப் பாட்டு டவுன்லோடு 22,000, சந்தா ஸ்ட்ரீம் 12 லட்சம், இலவசம் 6 லட்சம்: 22,000 கூட்டல் 12,000 கூட்டல் 1,000, மொத்தம் 35,000. பாதியாகக் குறைத்தும் பழையதே முந்துகிறது. குறைக்காவிட்டால் அது 80,000 ஆகியிருக்கும், போட்டியே இருந்திருக்காது.

விதிவிலக்கும் உண்டு. 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் மறுபடி பிரபலமான கேட் புஷ்ஷின் 1985 பாட்டுக்கு இந்தத் தண்டனை விகிதத்தை நீக்கினார்கள். அது முதலிடம் போனது.

பிடிச்ச பாட்டை ராத்திரி முழுக்க லூப்ல போட்டு வச்சா ஏறுமா?

ஏறாது. ஒரே கணக்கிலிருந்து ஒரு பாட்டுக்கு ஒரு நாளைக்கு 10 ஸ்ட்ரீம்தான் எண்ணப்படும். அதுவும் குறைந்தது 30 விநாடி ஓடியிருக்க வேண்டும். வாரம் முழுக்க விடாமல் கேட்டாலும் அதிகபட்சம் 70. சந்தாக் கணக்காக இருந்தால் புதுப் பாட்டுக்கு ஒரு யூனிட்டில் முக்கால்கூட இல்லை. ஒரு டவுன்லோடு வாங்கிவிட்டுத் தூங்கலாம்.

அப்போ நேரா சொல்லுங்க: இது சார்ட்டைக் கெடுக்குதா, இல்லையா?

முதலிடம் கெடவில்லை. கெடுவது நடுப்பகுதி. எல்லோரும் உச்சியைப் பார்த்தே சண்டை போடுவதால் இது கண்ணில் படுவதில்லை. கிறிஸ்துமஸ் வாரத்து முதல் 40-இல் பாதிக்கு மேல் பண்டிகைப் பாட்டுகளாக இருப்பது இப்போது வழக்கம். முதலிடத்துக்குப் போகும் பாட்டு ஒன்றுதான். ஆனால் 15 முதல் 40 வரையிலான இடங்களில், அப்போதுதான் தலைகாட்டும் புதியவர்கள் மொத்தமாகத் தள்ளப்படுகிறார்கள். நவம்பரில் 25-இல் இருந்த பாட்டு, கேட்பவர் ஒருவர்கூடக் குறையாமலே டிசம்பரில் 50-க்கு இறங்கும். “முதல் 40” என்ற பெயர் கிடைக்க ஒரு புதிய குழு ஓராண்டு உழைத்திருக்கும். அதைப் பிடுங்கிக்கொள்வது 1950-களில் பதிவான ஒரு பாட்டாக இருக்கலாம்.

முன்கூட்டியே தெரிந்த முடிவுகள் எல்லாம் ஒரே வகையும் அல்ல. எக்ஸ் ஃபேக்டர் காலத்து முடிவு தொலைக்காட்சி நிலையம் தேதி குறித்துத் தயாரித்தது. வாமின் வெற்றி, கோடிக்கணக்கான முறை மக்கள் தாங்களாக அழுத்தியதும் ப்ளேலிஸ்ட் தானாகக் கொண்டுவந்து போட்டதும் கலந்தது. இரண்டில் முன்னதே போட்டியை அதிகம் கெடுத்தது என்பது எங்கள் கருத்து. பின்னது சலிப்பு தருகிறது. ஆனால் அந்த வாரம் நாடு என்ன கேட்டது என்பதை உள்ளபடி சொல்கிறது. சார்ட்டின் வேலையே அதுதான்.

கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தனி சார்ட் போட்டுட்டா தீர்ந்துதே?

அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். பில்போர்டு இதழ் 1963 முதல் 1972 வரை பண்டிகைப் பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, முக்கியப் பட்டியலான ஹாட் 100-இலிருந்து அவற்றை விலக்கியது. பிறகு கைவிட்டது. சிக்கல் எல்லை போடுவதில். கிறிஸ்துமஸ் பாட்டு எது? 1994-இல் கிறிஸ்துமஸ் நம்பர் ஒன் ஆன ஈஸ்ட் 17 பாட்டு பிரிவைப் பற்றியது. கடைசியில் மணியோசை சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

விகிதத்தை இன்னும் கடுமையாக்கலாம் என்பார்கள். 200-ஐ 300 ஆக்கினால் மேலே போட்ட கணக்கில் புதுப் பாட்டு வென்றுவிடும்தான். ஆனால் பழைய பாட்டு என்பதற்காக அதே விகிதம் மே மாதத்திலும் பாயும். திடீரென்று நிஜமாகவே உயிர்பெறும் பாட்டுக்கெல்லாம் கேட் புஷ்ஷுக்குப் போல ஒவ்வொன்றாக விலக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதானா?

ஆமாம், இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. ஹாட் 100-இல் முதலிடம் பிடித்த முதல் கிறிஸ்துமஸ் பாட்டு 1958-இல் வந்த ‘சிப்மங்க்’ பாட்டு. அடுத்ததற்கு 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மரையா கேரி. அதன்பின் 2023-இல் பிரெண்டா லீ, பாட்டு வெளியாகி 65 ஆண்டு கழித்து முதலிடத்துக்கு வந்தார். ஆனால் அங்கே கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடத்துக்கென்று பந்தயமோ பிரசாரமோ பிரிட்டன் அளவுக்குக் கிடையாது.

டிசம்பர் சார்ட்டைப் பார்த்து எந்தப் புதுப் பாட்டு ஓடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் போன வார இடம், இதுவரை எட்டிய உச்ச இடம், எத்தனை வாரமாக இருக்கிறது என்ற மூன்று எண்களும் இருக்கும். பண்டிகைப் பாட்டுகளைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தை மேலிருந்து எண்ணுங்கள்; 34-இல் இருக்கும் புதுப் பாட்டு உண்மையில் 14ஆவதாக இருக்கும். அந்த எண்ணை நவம்பர் நடுவில் வந்த பட்டியலோடு ஒப்பிட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஜனவரியின் இரண்டாவது பட்டியல் வரும்வரை பொறுத்தால் பென்சிலும் வேண்டாம்.

எங்க குழுவோட முதல் பாட்டை டிசம்பர்ல விடலாமா?

இடம்தான் குறி என்றால் வேண்டாம். நவம்பர் தொடக்கம் அல்லது ஜனவரி முதல் இரண்டு வாரம் பாருங்கள். ஜனவரியில் பெரிய கம்பெனிகளின் வெளியீடும் குறைவு, பண்டிகைப் பாட்டுகள் கழன்று இடமும் காலியாகும். டிசம்பரில் கிடைக்காத இடத்தை அதே விற்பனை அப்போது வாங்கித்தரும். கிறிஸ்துமஸ் பாட்டே போடுகிறீர்கள் என்றால் முதல் ஆண்டை மறந்துவிடுங்கள். அது ப்ளேலிஸ்ட்டுகளில் நுழைவதுதான் முக்கியம். அதற்கு நவம்பர் நடுவுக்குள் வெளியாகியிருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய பாட்டு, ஜனவரியில எங்கதான் போகுது?

2021-ஐப் பாருங்கள். 2020 டிசம்பர் 25-இல் வந்த பட்டியலில் லேட்பேபி முதலிடம். அடுத்த பட்டியல் ஜனவரி 1-இல். அதன் கணக்கு டிசம்பர் 25 முதல் 31 வரை. கிறிஸ்துமஸ் நாளின் கேட்பு முழுவதும் அதில் சேர்ந்ததால் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ 36 ஆண்டுக்குப் பின் முதன்முறையாக உச்சிக்குப் போனது, ஆனால் புத்தாண்டு அன்று. ஜனவரி 8-இல் வந்த பட்டியலில் அது முதல் 100-இலேயே இல்லை.